தூர்ந்ததா, தூர்த்ததா? மீட்பின் இலக்கணம் பற்றிச் சில குறிப்புகள்

நம்முடைய சிறுபத்திரிகைப் பக்கங்களில் ஒரே வேரிலிருந்து கிளைத்த இரண்டு சொற்கள் எதிரெதிராக நிற்கின்றன. ஒன்று மீட்புவாதம், மற்றது மீட்டுருவாக்கம். பொற்காலத்தைத் திரும்பக் கொண்டுவருவேன் என்பவர் மீட்புவாதி, அது வசை. ஒடுக்கப்பட்டவர்களின் வரலாற்றைத் தேடி எழுதினால் மீட்டுருவாக்கம், அது பாராட்டு. இரண்டையும் நானும் கூசாமல் எழுதியிருக்கிறேன். இரண்டுக்குள்ளும் இருக்கிற 'மீட்டல்' என்ற வினை என்ன வேலை செய்கிறது என்று எம்.ஏ. தமிழ் வகுப்பில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தச் சொல்லை நான் கற்றுக்கொண்டது திருவொற்றியூரில், எங்கள் வீட்டு அடகுச் சீட்டில்.

அம்மாவிடம் இருந்தது ஒரு ஜோடி கம்மலும் ஒரு செயினும். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம் இரண்டும் கடைக்குப் போகும். "பொங்கலுக்குள்ள திருப்பணும்டா" என்பாள். சீட்டில் 'மீட்பு' என்று அச்சாகியிருக்கும். அம்மாவின் வாயில் அது எப்போதும் 'திருப்புறது'தான். கெடு தாண்டினால் நகை 'மூழ்கிப் போச்சு'. நான் எம்.ஏ. சேர்ந்த வருஷம் செயின் மூழ்கியது.

இந்தத் 'திருப்புற' என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று கவனிக்கலாம். அதற்குள் ஒரு முழு வழக்கே இருக்கிறது. பொருள் யாருடையது என்பதில் சந்தேகம் கிடையாது. அது யாரிடம் இருக்கிறது என்று தெரியும். எவ்வளவு கொடுத்தால் திரும்பும் என்று தெரியும். திரும்பினால் யார் காதுக்கு வரும் என்பதும் தெரியும். இழந்தவர், விலை, திரும்பிச் சேரும் இடம் ஆகிய மூன்றும் இல்லாமல் திருப்புதல் என்ற செயலே கிடையாது.

இலக்கணத்துக்கு வருவோம். திரும்பு தன்வினை, திருப்பு பிறவினை. மீள் தன்வினை, மீட்டல் பிறவினை. மீள் என்பதிலிருந்து மீட்சி வருகிறது. தானாகத் தேறி வருவது. மீட்டலிலிருந்து மீட்பு வருகிறது. இன்னொருவர் கைப்பட்டு நடப்பது. நோயிலிருந்து ஒருவர் மீள்கிறார். கடலில் கவிழ்ந்தவரை மற்றவர்கள் மீட்கிறார்கள். மீட்பு என்று சொன்ன மாத்திரத்தில் 'யார்?' என்ற கேள்வி எழுந்துவிட வேண்டும். எழவில்லையென்றால் சொல்லை யாரோ மழுங்கடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வடசென்னையின் மதமொழி இந்த நுணுக்கத்தை மறக்கவில்லை. ராயபுரத்தின் பெயரே இராயப்பர் என்ற புனித பேதுருவிடமிருந்து வந்தது என்பார்கள். அங்கே ஈஸ்டர் அன்று பேசப்படுவது உயிர்ப்பு. மூச்சு என்று பொருள்படும் பழைய சொல், தன்வினை. ஆனால் மனிதருக்குக் கிடைப்பது மீட்பு. பழைய விவிலியத்தின் 'இரட்சிப்பு' 1995-இல் வந்த பொதுமொழிபெயர்ப்பில் 'மீட்பு' ஆனபோது தமிழ் மட்டும் கூடவில்லை, கணக்கும் வெளிப்பட்டது. இரட்சித்தல் காப்பாற்றுவது; மீட்டல் விலை கொடுத்துத் திருப்புவது. அடகுக் கடையை அறிந்தவர்களுக்கு இந்த இறையியல் சுலபமாகப் புரியும்.

சைவத்துக்கும் அதே கணக்கு. திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்த சுந்தரர், அதை மீறி ஊர் எல்லை தாண்டியதும் பார்வை இழக்கிறார். பார்வை ஒரேயடியாகத் திரும்பவில்லை. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் இடக்கண், ஆரூரில் வலக்கண். தவணை முறையில் மீட்பு! வாக்குத் தவறியது யார், எதை இழந்தார், எந்த ஊரில் எவ்வளவு திரும்பியது என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் திருவெண்பாக்கத்தின் பழைய கோயில் பூண்டி நீர்த்தேக்கம் (1944) வந்தபோது நீருக்குள் போய், பிறகு வேறிடத்தில் எழுப்பப்பட்டது. பூண்டி கட்டப்பட்டது கொசஸ்தலையாற்றின் குறுக்கே. அந்த ஆறு கடலில் சேர்வது எண்ணூரில்.

எண்ணூருக்குப் போகும் முன் ராயபுரம் ஸ்டேஷனில் ஒரு நிமிஷம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலையில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. பழைய கட்டடத்தை 2005-இல் புதுப்பித்தார்கள். தூண்கள் பளிச்சென்று நிற்கின்றன. ஆனால் இதை மறுபடி ஒரு முனையமாக்குங்கள் என்று பல வருஷம் இந்தப் பகுதி கேட்டுக்கொண்டிருக்க, சென்னையின் மூன்றாவது முனையம் தாம்பரத்துக்குப் போனது. புதுப்பித்தல் உருவத்தைக் கொடுத்தது, உபயோகத்தைக் கொடுக்கவில்லை. பாரம்பரியம் என்ற சொல் பெரும்பாலும் இந்த இடைவெளியை மூடும் சுண்ணாம்புதான்.

இனி எண்ணூர். அனல்மின் நிலையச் சாம்பல் நீரோடு கலந்து குழாய்களில் போகும். குழாய் கசிந்தால் சாம்பல் ஆற்றில். வருஷக்கணக்கில் இது நடந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் பறியில் போடுகிறவர்கள் இந்தக் கழிமுகத்தில் உண்டு. அவர்கள் கைக்கு இறாலுக்குப் பதில் சாம்பல் தட்டுப்பட்டது. 2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லி, சீர்செய்யும் பொறுப்பை மின்வாரியத்தின் மேல் வைத்தது. கெடுத்தவரே கொடுக்க வேண்டும் என்பது சட்டத்தின் கொள்கை. அம்மாவின் மொழியில் சொன்னால், அடகு வைத்தவன்தான் திருப்ப வேண்டும்.

ஆனால் அறிக்கைகளும் செய்திகளும் இதை எந்த இலக்கணத்தில் எழுதுகின்றன? மூன்று மாதிரி வாக்கியங்கள் தருகிறேன். எந்த நாளிதழிலும் இவற்றின் சாயலைக் காணலாம்.

ஒன்று: 'கழிமுகம் தூர்ந்துவிட்டது.' தன்வினை. இதே வினைக்குத் தமிழில் பிறவினையும் இருக்கிறது. தூர்ந்தது, தூர்த்தது. ஒரு மெய்யெழுத்துத்தான் வித்தியாசம். அந்த ஒற்றெழுத்தில் ஒரு குற்றவாளி இருக்கிறான். ஆறு தானே தூர்ந்துகொண்டது போல எழுதும்போது அவன் காணாமல் போகிறான்.

இரண்டு: 'எண்ணெய் அகற்றப்பட்டது.' செயப்பாட்டுவினை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கழிமுகத்தில் படர்ந்தபோது, படகில் போய் மக்காலும் வெறுங்கையாலும் அதை மொண்டவர்கள் மீனவர்கள். இழந்தவர்களே மீட்பவர்களாகவும் ஆனார்கள். வாக்கியத்தில் அவர்களுக்கு இடமில்லை.

மூன்று: 'கழிமுகத்தை அரசு மீட்டெடுக்கும்.' இங்கே மட்டும் பிறவினை கம்பீரமாக வந்துவிடுகிறது. எழுவாயும் கூடவே வருகிறது.

கேடு தன்வினை, உழைப்பு செயப்பாட்டுவினை, தயவு பிறவினை. அதிகாரத்தின் இலக்கணம் இவ்வளவுதான். நன்னூல் படித்தவர்கள் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். நாம் அப்போது வேறெதையோ கட்டுடைத்துக்கொண்டிருந்தோம்.

இதோடு இன்னொன்றையும் வைத்துப் பார்க்கலாம். 450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. அங்கே 660 மெகாவாட் அலகு ஒன்றைக் கொண்டுவரும் திட்டத்துக்குப் பெயர் 'விரிவாக்கம்'. இறந்த ஒன்றை எழுப்புவதற்கு நம் மொழியில் எத்தனை சொற்கள்! இங்கே ஒன்றையும் தொடவில்லை. உயிரோடிருப்பதைத்தான் விரிக்க முடியும். அப்படியானால் அது சாகவே இல்லை என்று சொல் சொல்கிறது. ஆற்றுக்கு மட்டும் மரணமும் மறுபிறப்பும்.

முன்னொட்டுகளும் அப்பாவியானவை அல்ல. 'புனர்' போய் 'மறு' வந்ததைத் தமிழின் வெற்றி என்று கொண்டாடினோம். புனர்வாழ்வு மறுவாழ்வானது. ஈழத்தில் மீள்குடியேற்றம் என்கிறார்கள், இங்கே மறுகுடியமர்வு. மீள்வது விட்டுவந்த இடத்துக்கு. அந்தச் சொல்லுக்கு ஒரு சொந்த ஊர் உண்டு. 'மறு' எந்த இடத்துக்கும் கட்டுப்பட்டதல்ல. கடற்கரைக் குப்பத்து ஆட்களைத் தொலைவில் ஒரு அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு மறுகுடியமர்வு என்று சொல்லலாம். 'மறு' ஒரு வினையும்கூட. மறுவாழ்வு என்ற பலகையை ஒருமுறை வினைத்தொகையாகப் பிரித்துப் படித்துப் பாருங்கள்: மறுக்கும் வாழ்வு, மறுத்த வாழ்வு.

போன மழைக்காலத்துக்கு முன் காட்டுக்குப்பத்தில் ஒரு பெரியவரிடம், ஆறு திரும்ப வருமா என்று கேட்டேன். வலையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: "சரி பண்ணட்டும் தம்பி. பண்ணிட்டு யாராண்ட குடுப்பாங்க? அத்தக் கேளு மொதல்ல."

அந்தக் கேள்வி எண்ணூருக்கு மட்டுமானதல்ல. மீனவர் பாட்டுகளையும் குப்பத்து வழக்குச் சொற்களையும் நாம் பதிவுசெய்கிறோம். மீட்டுருவாக்கம் என்று தலைப்பிடுகிறோம். அவை இதழில் வந்து, நூலகத்தில் சேர்ந்து, ஆய்வேட்டில் அடிக்குறிப்பாகின்றன. பாடியவர் வீட்டுக்கு ஒரு பிரதியாவது போயிருக்கிறதா? திரும்பிச் சேரும் இடம் இல்லாத மீட்டல், மீட்டலே அல்ல. மூழ்கின நகையை வேறொருவர் ஏலத்தில் எடுப்பது. மீட்புவாதிக்கும் நமக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லின் பின்னொட்டில் தேடுவதை விட்டுவிடலாம். அது சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

அம்மாவின் அந்தப் பழைய சீட்டு இன்னும் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. செயின் வராது என்று அவளுக்குத் தெரியும். "இருக்கட்டும், நம்ம பேரு இருக்குல்ல" என்கிறாள்.