குணம் குணமாகுமா?

தமிழில் 'குணம்' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. ஒருவருடைய இயல்பைச் சொல்லவும் அதுதான், நோய் மாறுவதைச் சொல்லவும் அதுதான். "அவர்ட குணம் சரியில்ல" என்கிறோம். "காய்ச்சல் குணமாயிட்டு" என்றும் சொல்கிறோம். அப்படியென்றால், குணமே நோயாகிவிட்டால் அது குணமாகுமா? நம் வீடுகளில் இதற்குப் பதில் ஆயத்தமாக இருக்கிறது: "அது பிறவிக்குணம், மாறாது." இங்கிலாந்தின் சட்டமும் வைத்தியமும் இதே பதிலோடு அரை நூற்றாண்டு மல்லுக்கட்டியிருக்கின்றன. அந்த அனுபவம் நாமும் தெரிந்துகொள்ள வேண்டியது.

முதலில், ஆளுமைக் கோளாறு என்றால் என்ன? சில மனநோய்களில் இல்லாத குரல் கேட்கும், இல்லாத எதிரி தெரிவான். மருந்து கொடுத்தால் பெரும்பாலும் அது தணியும். ஆளுமைக் கோளாறு அப்படிப்பட்டதல்ல. தன்னையும் பிறரையும் உணரும் விதம், கோபத்தைக் கையாளும் விதம், உறவு கொள்ளும் விதம் எல்லாம் இளமையிலேயே இறுகிப்போய், அவருக்கும் அவரைச் சுற்றியிருப்போருக்கும் ஓயாத துன்பமாகிவிடுவதே இந்தக் கோளாறு. இதில் வகைகள் பல. பிறர் உரிமையைத் தொடர்ந்து மீறும் சமூகவிரோத ஆளுமை ஒன்று. கைவிடப்படுவோமோ என்ற பயத்தில் உணர்ச்சி கட்டுமீறி, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எல்லைநிலை ஆளுமை இன்னொன்று. இவர்களில் பலருடைய சிறுபிராயம் அடியும் புறக்கணிப்பும் துஷ்பிரயோகமும் நிறைந்தது. அதேவேளை, இந்தக் கோளாறு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் எந்தப் பாரதூரமான குற்றமும் செய்யாதவர்கள் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். இக்கட்டுரை பேசுவது குற்றத்தோடு தொடர்புபட்ட ஒரு சிறு தொகையினரைப் பற்றியே.

இங்கிலாந்தில் அத்தகையோருக்கான பாதுகாப்பு மனநல வைத்தியசாலைகள் உயர், நடுத்தர, குறைந்த பாதுகாப்பு என மூன்று மட்டத்தில் இருக்கின்றன. உயர் மட்டத்தில் இருப்பவை மூன்றே: 1863 இல் திறக்கப்பட்ட ப்ரோட்மூர், 1912 இல் தொடங்கிய ரெம்ப்டன், இரண்டு பழைய வைத்தியசாலைகளை இணைத்து 1989 இல் உருவான ஆஷ்வர்த். உயர்ந்த மதில், பூட்டிய கதவு, சோதனை எல்லாம் உண்டு. ஆனாலும் இவை சிறைச்சாலைகள் அல்ல, ஆஸ்பத்திரிகள். உள்ளே இருப்பவர் கைதியல்ல, நோயாளி. அவரைக் கவனிப்பவர் தாதியர். இந்த வேறுபாடு பெயரளவில் மட்டும்தானா என்பதே பெரிய சர்ச்சை.

1983 ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி, இவ்வகைக் கோளாறுள்ள ஒருவரை வைத்தியசாலையில் தடுத்துவைக்க வேண்டுமானால், சிகிச்சையால் அவர் நிலை முன்னேறும், அல்லது மேலும் மோசமாகாது என்று வைத்தியர் சொல்ல வேண்டும். இது நோயாளிக்குப் பாதுகாப்பாகத்தான் எழுதப்பட்டது. நடைமுறையிலோ "இவருக்கு வைத்தியம் இல்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்தவும் அது வழியானது. வைத்தியம் இல்லாமல் போனது நோயாளியிடமா, வைத்தியசாலையிடமா என்று கேட்டவர்கள் குறைவு.

1996 இல் கென்ட் பகுதியில் ஒரு தாயும் அவரது சிறு மகளும் கொல்லப்பட்டார்கள். அதற்காக ஒருவர் தண்டிக்கப்பட்டார். தாம் அதைச் செய்யவில்லை என்றே அவர் இன்றுவரை சொல்கிறார். ஆளுமைக் கோளாறு இருந்தும் வைத்தியம் இல்லையென்று அவர் கைவிடப்பட்டதாக அப்போது பரவலாகப் பேசப்பட்டது. 2006 இல் வந்த விசாரணை அறிக்கையோ, அவர் கவனிப்பாரற்று விடப்பட்டவர் அல்லர் என்றது. அதற்குள் கொள்கை மாறிவிட்டிருந்தது. ஆபத்தான, கடுமையான ஆளுமைக் கோளாறு என்ற புதிய வகையை 1999 இல் அரசு முன்வைத்தது. ரெம்ப்டனிலும் ப்ரோட்மூரிலும், இரண்டு சிறைகளிலும் தனிப் பிரிவுகள் உருவாயின. 2007 இன் திருத்தச் சட்டம் முன்னைய நிபந்தனையை நீக்கி, பொருத்தமான சிகிச்சை கிடைக்கக்கூடியதாக இருந்தால் போதும் என்றது. சிறைத்தண்டனை முடியும் தறுவாயில் சிலரை வைத்தியசாலைக்கு மாற்றித் தொடர்ந்து தடுத்துவைத்தது கடும் கண்டனத்துக்கு உள்ளானது. விடுதலை நாளை எண்ணியிருந்த ஒருவருக்கு இனி நாளே குறிக்கப்படாது என்பது சின்ன விஷயமா?

சரி, உள்ளே என்னதான் வைத்தியம்? ஆளுமைக் கோளாறை மாற்றவென்று ஒரு மாத்திரை கிடையாது. கூடவே வரும் மனச்சோர்வு போன்றவற்றுக்கு மருந்து உதவலாம். முக்கிய சிகிச்சை பேச்சும் பயிற்சியும்தான். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய இயங்கியல் நடத்தைச் சிகிச்சை இதில் பெயர்பெற்றது. மனதை நிகழ்காலத்தில் நிறுத்துவது, துன்பம் பொங்கும்போது தாங்கி நிற்பது, உணர்ச்சியை அடையாளம் கண்டு ஒழுங்கு செய்வது, சண்டையில்லாமல் தேவையைக் கேட்பது என நான்கு திறன்களை அது பாடம்போல் கற்பிக்கிறது. இளவயதில் தானும் மனநல வைத்தியசாலையில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்ததை லினஹன் 2011 இல் வெளிப்படையாகச் சொன்னார். லண்டனில் அன்ரனி பேட்மனும் பீற்றர் ஃபொனகியும் வளர்த்த இன்னொரு முறை, 'மற்றவர் மனதில் என்ன இருக்கும்?' என்று நின்று யோசிக்கப் பழக்குகிறது. ஒருவன் முறைத்துப் பார்த்தால் அடிக்கத்தான் வருகிறான் என்று முடிவெடுக்காமல், அவனுக்குத் தலைவலியாகவும் இருக்கலாமே என்று நினைக்க ஒரு கணம் கிடைத்தால், அந்தக் கணமே ஒரு குற்றத்தைத் தடுக்கக்கூடும்.

இந்தப் பாடங்கள் வாரத்தில் சில மணித்தியாலம்தான். மிச்ச நேரமெல்லாம் வாட்டில் கழிகிறது. தேநீர் பிந்தினால் என்ன நடக்கிறது, "இல்லை" என்று தாதி சொன்னால் என்ன நடக்கிறது என்பதிலேதான் கற்றது தேறுகிறது. எனவே தாதியரின் வேலை மிகக் கடினம். கொஞ்சம் இளகினால் ஏமாற்றப்படலாம். இறுகினால், நோயாளி சின்ன வயதில் கண்ட அதே கொடுமைக்காரராகிவிடலாம். ஆஷ்வர்த்தின் ஆளுமைக் கோளாறுப் பிரிவு பற்றி 1999 இல் வெளியான விசாரணை அறிக்கை, அங்கு ஒழுங்கு எவ்வளவு குலைந்திருந்தது என்பதை அம்பலப்படுத்தியது. அந்த வைத்தியசாலையையே மூடச் சொன்னது, அரசு மூடவில்லை. பூட்டு மட்டும் பாதுகாப்பாகாது. ஆட்களை அறிந்த, ஒரே சொல்லில் நிற்கும் ஊழியர்தான் பாதுகாப்பு.

புனர்வாழ்வு படிப்படியாக நடக்கிறது. உயர் பாதுகாப்பிலிருந்து நடுத்தரத்துக்கு, பிறகு குறைந்த பாதுகாப்புக்கு, பிறகு மேற்பார்வையுள்ள விடுதிக்கு. தோட்டவேலை, தொழிற்கூடம், படிப்பு, சமையல் எல்லாம் இதில் அடக்கம். ஊழியர் துணையோடு கடைத்தெருவுக்குப் போய் வருவதே ஒரு பெரிய படி. கட்டுப்பாட்டு ஆணைக்கு உட்பட்டவரானால் அதற்கும் நீதி அமைச்சின் அனுமதி வேண்டும். நீதிபதி, வைத்தியர், வேறொரு உறுப்பினர் அடங்கிய நியாயசபை அவருடைய தடுப்பை மீளாய்வு செய்யும். நிபந்தனையோடு விடுவித்தால், நிலை மோசமாகும்போது திருப்பி அழைக்கவும் முடியும். சிறைத்தண்டனை மிச்சமிருப்பவர் சிறைக்கே திரும்பலாம்.

இத்தனைக்கும் பிறகு எல்லோரும் மாறிவிடுகிறார்களா? இல்லை. சிலரிடம் மாற்றம் மிகக் குறைவு. ஆனால் எல்லைநிலை ஆளுமை உள்ளவர்களில் பலர் காலத்தோடும் உதவியோடும் தேறிவருகிறார்கள் என்பதை நீண்டகால ஆய்வுகள் காட்டியுள்ளன. "மாறவே மாறாது" என்ற நம் தீர்ப்பு அவ்வளவு பொதுவாகச் சரியல்ல.

பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பயம் நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. அவர்களைக் காக்கவே கதவு பூட்டப்படுகிறது. ஆனால் வைத்தியத்தின் பெயரால் ஒரு மனிதனைப் பூட்டிவைத்தால், அந்த வைத்தியம் உண்மையிலேயே நடக்க வேண்டும். என்ன செய்தால் அடுத்த கதவு திறக்கும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், ஆஸ்பத்திரி என்று பெயர்ப்பலகை மாட்டிய சிறைதான் அது. அங்கே எவருடைய குணமும் குணமாகப் போவதில்லை.