தையலுக்கு அடியில் ஒரு கிழிசல்

சொல்லக் கூசும் நோய்கள் – 9

மலத்தை அடக்க முடியவில்லை என்று வருபவரிடம் அனுபவமுள்ள மருத்துவர் முதலில் ஒன்று கேட்பார். வருவது தெரிந்தும் கழிப்பறைக்கு ஓடுவதற்குள் ஆகிவிடுகிறதா, இல்லை, துணியைப் பார்த்த பிறகுதான் போனதே தெரிகிறதா? கேட்பவருக்கும் சொல்பவருக்கும் சங்கடமான கேள்விதான். ஆனால், எந்தத் தசை கெட்டிருக்கிறது என்பதற்குப் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

ஆசனவாயைச் சுற்றி இரண்டு தசை வளையங்கள். உள்வளையம் நம் சொல் கேட்காது. தூங்கும்போதும் தானாகவே இறுகியிருக்கும். சும்மா இருக்கும் நேரத்தில் வாயை மூடிவைப்பது பெரும்பாலும் அதுதான். வெளிவளையம் நம் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. பஸ்ஸில் போகும்போது வயிறு கலக்கினால் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குகிறோமே, அது. உள்ளே இருப்பது தளர்ந்தால் தெரியாமல் கசியும். வெளியே இருப்பது அறுந்தால் அவசரம் தாங்காது. இரண்டும் கெட்டவர்களும் இருக்கிறார்கள். கேள்வியோடு நிறுத்தாமல் உள்ளே பார்க்க வேண்டியிருப்பது அதனால்தான்.

1980-கள் வரை அப்படிப் பார்க்க நல்ல வழி இல்லை. ஊசி மின்முனைகளை ஆசனவாயைச் சுற்றிப் பல இடங்களில் குத்தி, எங்கே தசை வேலை செய்கிறது, எங்கே இல்லை என்று வரைபடம் போடுவார்கள். அந்த வலியை நான் விவரிக்க வேண்டியதில்லை. கிழிசல் எதுவும் கைக்குத் தட்டுப்படாத பெண்களுக்கு, பிரசவத்தில் நரம்பு இழுபட்டுத் தசை செயலிழந்தது என்று விளக்கம் சொல்லப்பட்டது. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் சர் ஆலன் பார்க்ஸும் சகாக்களும் அதற்குச் சான்றுகளும் காட்டியிருந்தார்கள். சான்று பொய்யில்லை. ஆனால், காரணம் தெரியாத கேஸ்களுக்கெல்லாம் நரம்பையே கைகாட்டும் வழக்கமும் கூடவே வளர்ந்துவிட்டது.

அதே மருத்துவமனையில் 1989-இல் பீட்டர் லா, கிளைவ் பார்ட்ராம் என்ற இருவரும் ஆசனவாய்க்குள் வைத்து எடுக்கும் அல்ட்ராசவுண்ட் முறையை வெளியிட்டார்கள். மலக்குடலைப் பார்ப்பதற்கென்று ஒரு சுழலும் கருவி ஏற்கெனவே இருந்தது. அதன் முனையில் நீர் நிரப்பிய பலூன் இருக்கும். ஆசனவாய் குறுகலானது, பலூன் அதற்குச் சரிவராது. பலூனை எடுத்துவிட்டு, ஒலியலைகளைத் தடுக்காத கெட்டியான பிளாஸ்டிக் மூடியைப் பொருத்தினார்கள். மாற்றம் என்று பார்த்தால் அவ்வளவுதான்.

பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். மயக்க மருந்து வேண்டாம். விரல் பருமனுள்ள கருவிக்கு உறை மாட்டி, ஜெல் தடவி உள்ளே செலுத்தி, மெல்ல வெளியே இழுத்தபடி படம் எடுப்பார்கள். உள்வளையம் கறுப்பாக, இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனில் தெரியும். அதைச் சுற்றி வெளுப்பாக வெளிவளையம். எந்த இடத்தில் கோளாறு என்பதை மருத்துவர்கள் கடிகாரக் கணக்கில் சொல்வார்கள். உடலின் முன்பக்கம் 12 மணி. பிரசவக் கிழிசல் பெரும்பாலும் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் விழும். முன்பக்கம் அறுந்து, மற்ற இடமெல்லாம் நன்றாக இருந்தால், அது கயிறு ஓரிடத்தில் அறுந்த சுருக்குப் பை மாதிரி. இழுத்துச் சேர்த்துத் தைக்கலாம். கறுப்பு வளையம் எங்கும் அறாமல், சுற்றிலும் மெலிந்து மட்டும் கிடந்தால் தைப்பதற்கு அங்கே எதுவுமில்லை. துண்டு துண்டாகச் சிதறித் தெரிந்தால், மூலத்துக்கோ வெடிப்புக்கோ முன்பு ஆசனவாயை விரல்களால் பலமாக விரித்துவிட்ட சிகிச்சை நினைவுக்கு வர வேண்டும். அப்படி வருபவர்களில் ஆண்களும் உண்டு.

படம் ஏமாற்றவும் செய்யும். பெண்களுக்கு ஆசனவாயின் மேல்பகுதியில், முன்பக்கத்தில் வெளிவளையம் இயல்பாகவே முழுமையாக இருக்காது. பழகாத கண் அந்த இடைவெளியைக் கிழிசல் என்று எழுதிவிடும். இல்லாத கிழிசலைத் தைக்கக் கத்தியோடு போவது எவ்வளவு பெரிய அபத்தம்!

ஆனாலும் படத்தை நம்பலாம். பர்மிங்காமில் கெமல் டீனும் சகாக்களும் ஸ்கேனில் கண்டதை அறுவை மேசையில் கண்டதோடு ஒப்பிட்டு, இரண்டும் நன்றாகவே பொருந்துவதை 1993-இல் எழுதினார்கள். டீன் பின்னாளில் இலங்கையின் களனிப் பல்கலைக்கழகத்தில் அறுவை சிகிச்சைப் பேராசிரியரானவர். அதே ஆண்டு அவர்கள் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், மலம் அடக்க முடியாத 46 பேரில் 87 சதவீதத்தினருக்குத் தசையில் குறை இருந்தது. நரம்புக் கதை ஆட்டம் காணத் தொடங்கியது.

பெரிய அடி செயின்ட் மார்க்ஸ் பக்கமிருந்தே வந்தது. அப்துல் சுல்தானும் குழுவினரும் பெண்களைப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் செய்தார்கள். சுகப்பிரசவமோ ஆயுதப் பிரசவமோ, முதல் குழந்தையைப் பிறப்புவழியாகப் பெற்ற 79 பேரில் 28 பேருக்குத் தசைவளையத்தில் கிழிசல். இடுக்கி போட்டு எடுத்த 10 பிரசவங்களில் 8-இல் சேதம். பரிசோதித்த 150 பேரில், பிரசவ அறையிலேயே தசைக் கிழிசல் கண்டறியப்பட்டது இரண்டே பேருக்கு. கிழிசல் இருந்த மற்றவர்கள் அது தெரியாமலே வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

‘மறைந்த கிழிசல்’ என்று அதற்குப் பெயர் வந்தது. நிஜமாகவே மறைந்துதான் இருந்ததா? 2006-இல் சுல்தானின் குழுவே அதையும் சோதித்தது. பிரசவம் பார்த்தவர் பார்த்து முடித்த பின், பயிற்சி பெற்ற ஒருவர் அதே பெண்ணைக் கையால் மறுபடி பரிசோதித்தார். 11 சதவீதமாக இருந்த தசைக் கிழிசல் 24.5 சதவீதமானது. ஸ்கேனில் மட்டுமே அகப்பட்டது 1.2 சதவீதம். மற்றவையெல்லாம் விரலுக்கே தெரிந்திருக்க வேண்டியவை. இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் என்னை அதிகம் கோபப்படுத்திய எண்கள் இவை. பல ஆண்டுகளாக ‘நரம்புக் கோளாறு’ என்று சொல்லப்பட்டதில் ஒரு பகுதி, பிரசவ மேசையில் சரியாகப் பார்க்காமல் விட்டதன் விளைவு.

படத்தில் கிழிசல் தெரிந்தாலே அறுவைக்கு நாள் குறித்துவிடுவதும் சரியில்லை. குறை தெரிந்தும் எந்தத் தொல்லையும் இல்லாதவர்கள் நிறையப் பேர். ஸ்கேன் தசையின் வடிவத்தைக் காட்டும், பலத்தைக் காட்டாது. அதற்கு அழுத்தம் அளக்கும் சோதனை தனியாக வேண்டும். அறுந்த முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றித் தைக்கும் அறுவை தொடக்கத்தில் நல்ல பலன் தரும். ஆனால், பிரசவக் காயத்துக்காக அப்படித் தைத்துக்கொண்டவர்களைக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்து 2000-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வில், மலம், வாயு இரண்டையும் முழுமையாக அடக்க முடிந்தவர் ஒருவர்கூட இல்லை. இடுப்புத்தளப் பயிற்சி, பேதியைக் கட்டுப்படுத்தும் மருந்து, உணவு மாற்றம் ஆகியவற்றை முதலில் முயல்வதும், பிறகு முதுகின் கீழ்ப்பகுதி நரம்பைத் தூண்டும் சிறு கருவியை யோசிப்பதும் இதனால்தான்.

பிரசவத்தில் கவனிக்காமல் விட்ட கிழிசல் ஐம்பது வயதுக்கு மேல், மாதவிலக்கு நின்ற பிறகுகூடத் தொல்லை கொடுக்கத் தொடங்கலாம். அதுவரை மற்ற தசைகள் சமாளித்துக்கொண்டிருக்கும். அந்த வயதில் டாக்டரிடம் போகும் அம்மாக்கள் சர்க்கரை, பிரஷர் எல்லாம் சொல்வார்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய பிரசவம் நினைவுக்கே வராது. ஆயுதம் போட்டார்களா, பிள்ளை நாலு கிலோவா, தையல் எவ்வளவு தூரம் போனது என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மூலத்துக்கோ பௌத்திரத்துக்கோ எங்கே, யாரிடம் வைத்தியம் செய்துகொண்டீர்கள் என்பதையும் சேர்த்து.

அடுத்த வாரம்: இடுப்புத்தளப் பயிற்சியைப் பலர் தவறாகச் செய்வது எப்படி?

(தொடரும்)