கடவுச்சொல் வங்கிக்கும் தெரியாது

“பாஸ்வேர்டு மறந்துபோச்சு, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க” என்று வங்கிக் கிளையில் கேட்பவர்கள் உண்டு. ஊழியர் நினைத்தாலும் சொல்ல முடியாது. முறையாக அமைக்கப்பட்ட வங்கிக் கணினியில் கடவுச்சொல் அப்படியே இருக்காது. ஒருவழிக் கணக்கீட்டில் உருமாறிய எழுத்துக்கோவைதான் இருக்கும். அதிலிருந்து மூலச்சொல்லை மீட்பது மிகக் கடினம். புதிதாக ஒன்றை அமைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கடவுச்சொல் மட்டும் போதாது என்பதை ரிசர்வ் வங்கி முன்பே உணர்ந்தது. இணையத்தில் கார்டு மூலம் பணம் செலுத்த 2009 ஆகஸ்டிலிருந்து கூடுதல் சரிபார்ப்பு கட்டாயமானது. இன்று எல்லாரும் அலுத்துக்கொள்ளும் ஓடிபி பரவியது இந்த வழியில்தான். 2022 அக்டோபர் முதல் இணையக் கடைகள் கார்டு எண்ணைச் சேமிக்கக் கூடாது. அதற்குப் பதிலாக, அந்தக் கடைக்கு மட்டுமே செல்லும் டோக்கனை வைத்துக்கொள்ளலாம். அது திருடுபோனாலும் வேறு கடையில் செல்லாது.

யுபிஐயில் சிம்மும் கைபேசியுமே சாட்சி. செயலியைப் பதிவு செய்யும்போது கைபேசியிலிருந்து தானாக ஒரு குறுஞ்செய்தி போகிறதே, அது இரண்டையும் கணக்கோடு பிணைப்பதற்காக. பின் எண் மட்டும் தெரிந்தவர் வேறு கைபேசியிலிருந்து பணம் எடுக்க முடியாது.

ஆகவே மோசடிக்காரர்கள் கணினியை விட்டுவிட்டு மனிதரைப் பேச்சில் மடக்குகிறார்கள். பணம் பெற பின் எண் தேவையே இல்லை. கேட்டால் அது மோசடி.

ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, வங்கியோ வாடிக்கையாளரோ காரணமாகாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை. ஓடிபியைத் தானே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் அவர் பொறுப்பு. அதனால்தான் உடனே வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் அழைக்கச் சொல்கிறார்கள்.