சிறார் வழக்குகளில் ‘மதிப்பீடு’ எதற்கு? சந்தேகங்களும் விளக்கங்களும்

வழிப்பறியிலோ வெட்டுக்குத்திலோ 16, 17 வயதுப் பையன்கள் பிடிபட்டதாகச் செய்தி வந்தால் போதும், “இவனுக்கெல்லாம் என்ன அறிக்கை, என்ன கவுன்சலிங்? பிடித்து உள்ளே போட வேண்டியதுதானே” என்ற பேச்சு கிளம்பிவிடும். 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ள இளைஞர் நீதிச் சட்டமோ, முடிவெடுக்கும் முன் அந்தப் பையனைப் பற்றித் தெரிந்துகொள்ளச் சொல்கிறது. இதுபற்றிப் பரவலாக எழும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம்.

குற்றத்தை விசாரித்தால் போதாதா? குடும்பக் கதை எதற்கு?

குற்றம் செய்தானா என்பதைச் சாட்சியங்களை வைத்து இளைஞர் நீதிக் குழுமம் முடிவு செய்யும். செய்திருந்தால் அடுத்து என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் சமூக விசாரணை அறிக்கை. சிறுவன் முதன்முதலில் ஆஜரான நாளிலிருந்து 15 நாட்களுக்குள் நன்னடத்தை அலுவலர் அதைத் தர வேண்டும். புத்திமதி சொல்லி வீட்டுக்கு அனுப்புவதா, சமூக சேவை செய்யச் சொல்வதா, நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுவதா, சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் 3 ஆண்டுகள் வைப்பதா என்று குழுமம் தீர்மானிக்க அந்த அறிக்கை உதவுகிறது.

அலுவலர் வீட்டுக்குப் போய் அப்படி என்னதான் பார்ப்பார்?

உதாரணத்துக்கு, செல்போன் பறிப்பில் சிக்கிய 16 வயதுப் பையன். போலீஸ் காகிதத்தில் தேதி, இடம், பைக் எண் இருக்கும். அலுவலர் கேட்க வேண்டியது வேறு. ஒன்பதாம் வகுப்போடு ஏன் நின்றான்? ஒர்க்‌ஷாப் சம்பளம் யார் கைக்குப் போகிறது? ராத்திரி எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறான்? போதை மாத்திரைப் பழக்கம் உண்டா? அந்த பைக் யாருடையது?

பைக் ஏரியா ‘அண்ணன்’ ஒருவருடையது என்று தெரிந்தால் வழக்கின் போக்கே மாறிவிடும். பெரியவர்கள் சிறாரைச் சட்டவிரோத வேலைக்குப் பயன்படுத்துவது தனிக் குற்றம். 7 ஆண்டுகள் வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு.

ஆபத்து, தேவை இரண்டும் ஒன்றா?

இல்லை. மறுபடியும் குற்றத்தில் இறங்குவானா என்பது ஆபத்து. அதைத் தடுக்க அவனுக்கு என்ன வேண்டும் என்பது தேவை. முன்பு பதிவான வழக்கை யாராலும் மாற்ற முடியாது. நின்றுபோன படிப்பையும் போதைப் பழக்கத்தையும் கூடாத சகவாசத்தையும் மாற்றலாம். கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளில் இவற்றுக்கு மதிப்பெண் போடும் படிவங்கள் புழக்கத்தில் உள்ளன. நம் சட்டம் மதிப்பெண் கேட்பதில்லை; அலுவலர் நேரில் பார்த்து எழுதுவதைத்தான் நம்பியிருக்கிறது. அதனால் வீட்டுப் பக்கமே போகாமல் எழுதப்படும் அறிக்கையால் பயனில்லை.

ஏழை வீட்டுப் பையன் என்றாலே ஆபத்தானவன் என்று எழுதிவிட மாட்டார்களா?

நியாயமான பயம். ‘அப்பா குடிப்பவர், அம்மா வீட்டு வேலைக்குப் போகிறார், குடிசைப் பகுதி’ என்று மூன்று வரியில் முடித்தால், வறுமையே குற்றச்சாட்டாகிவிடும். சிறாருக்கு ஜாமீன்தான் பொது விதி. விட்டால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்வான், ஒழுக்க, உடல், மன ரீதியான ஆபத்தில் சிக்குவான், நீதியின் நோக்கம் கெடும் என நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே மறுக்கலாம். வறுமை இந்தப் பட்டியலில் இல்லை. கண்டிக்கிற பாட்டி, வேலை கொடுக்கத் தயாராக இருக்கும் முதலாளி, திரும்பச் சேர்த்துக்கொள்ளும் பள்ளி ஆகியவற்றையும் எழுதுவதுதான் நேர்மையான அறிக்கை. வீட்டில் இல்லாததை ஏற்பாடு செய்து தர வேண்டுமே தவிர, அதையே காட்டி உள்ளே வைக்கக் கூடாது.

கொலை போன்ற கொடுங்குற்றம் என்றால்?

குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டுகள் அல்லது அதற்கு மேல் உள்ள குற்றங்கள் கொடுங்குற்றங்கள். சிறுவன் 16 வயது நிரம்பியவன் என்றால், குழுமம் 3 மாதங்களுக்குள் முதல்நிலை மதிப்பீடு செய்யும். குற்றம் செய்யும் மன, உடல் திறன், விளைவை உணரும் திறன், குற்றம் நடந்த சூழ்நிலை ஆகியவை பார்க்கப்படும். வயது வந்தவரைப் போல விசாரிக்க வேண்டும் என்று தோன்றினால் வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகும். குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்தவர் இல்லாவிட்டால் நிபுணர் உதவி கட்டாயம் என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த மதிப்பீட்டு உத்தரவை எதிர்த்து செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். குழந்தைகள் நீதிமன்றம் விசாரித்தாலும் மரண தண்டனையோ, விடுதலைக்கு வழியில்லாத ஆயுள் தண்டனையோ விதிக்க முடியாது.

பாதிக்கப்பட்டவருக்கு இதில் என்ன நியாயம்?

மதிப்பீடு என்றால் மன்னிப்பு என்று பொருளல்ல. விசாரணையும் உத்தரவும் உண்டு. சிறார் பற்றிய அறிக்கைகள் ரகசியம் என்றாலும், வழக்கு ஆவணங்களையும் உத்தரவுகளையும் பார்க்கும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்கு மறுக்கக் கூடாது என்கிறது சட்டம். அதே பையன் நாளை இன்னொருவரிடம் கை வைக்காமல் தடுப்பதும் அவருக்கான நியாயத்தில் சேரும்.

பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?

மானம் போகிறதே என்று அலுவலரிடம் எதையும் மறைக்க வேண்டாம். வயதுக்கு முதல் ஆதாரம் பள்ளிச் சான்றிதழ். அதைக் கையில் வைத்திருங்கள். அறிக்கையின் சாரத்தைத் தெரிவிக்கும்படி குழுமத்திடம் கேளுங்கள். தவறு இருந்தால் ஆதாரம் காட்ட வாய்ப்புக் கேட்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழையுங்கள். முக்கியமாக, அலுவலரிடம் சொல்ல வேண்டியதை அறிக்கை எழுதி முடிப்பதற்குள் சொல்லிவிடுங்கள்.