மணல் மணலாகிவிட்ட ஷியா வெண்ணெய் கெட்டுப்போனதா?

மாணவர்களே, என் படிவம் 4 மாணவி ஒருவர் சிறு டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே ஷியா வெண்ணெய். வாங்கும்போது வழுவழுவென்று இருந்ததாம். வெயிலில் நின்ற காரில் மறந்துவிட்டதால் உருகி, வீட்டில் மெல்ல ஆறியபோது ரவைபோல் குருணை குருணையாகிவிட்டது. "கெட்டுப் போச்சா டீச்சர்? தூக்கிப் போட்டுறவா?" என்றார். முகர்ந்து பார்த்தேன். காறல் வாடை இல்லை. கெட்டுப்போகவில்லை.

ஷியா வெண்ணெய் பல கொழுப்புகளின் கலவை. அவற்றில் ஸ்டியரிக், ஒலியிக் எனும் இரண்டு கொழுப்பு அமிலங்களே மிகுதி. ஸ்டியரிக் நிறைவுற்றது, அதன் நீண்ட சங்கிலி நேராக இருப்பதால் நெருக்கமாக அடுக்கிக்கொண்டு எளிதில் கெட்டியாகும். ஒலியிக்கில் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. அந்த இடத்தில் சங்கிலி வளைவதால் நெருங்கி அடுக்க முடியாது. கெட்டியாக அதிகக் குளிர்ச்சி தேவை. கலவை மெதுவாக ஆறும்போது ஸ்டியரிக் மிகுந்த கொழுப்புகள் முந்திக்கொண்டு படிகமாகின்றன. நேரம் நிறையக் கிடைப்பதால் படிகங்கள் பெரிதாக வளர்கின்றன. விரலில் தட்டுப்படும் மணல் அதுதான். குளிரூட்டிய அறையில் செம்பனை எண்ணெய் கலங்கி, அடியில் வெள்ளையாகப் படிவதும் இதே கதைதான்.

வழியும் எளிது. கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, அதைச் சுடுநீரில் வைத்து முழுவதும் உருக்குங்கள். பிறகு குளிர்பதனப் பெட்டியில் சட்டென ஆறவிடுங்கள். படிகங்கள் வளர நேரம் இருக்காது.

இந்தக் கொழுப்பின் ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. சஹாராவுக்குத் தெற்கே புல்வெளிப் பகுதியில் வளரும் ஷியா மரம் முதல் காய் காய்க்கவே 15 முதல் 20 ஆண்டுகள் ஆகலாம். விழுந்த பழங்களைப் பெண்கள் பொறுக்கி, கொட்டையை வேகவைத்து, உலர்த்தி, உடைத்து, பருப்பை வறுத்து அரைக்கிறார்கள். அந்த விழுதில் நீர் விட்டுக் கையால் அடித்துப் பிசைந்தால் கொழுப்பு பிரிந்து மேலே மிதக்கும். கை வலிக்கும் வேலை! ஸ்காட்லாந்துப் பயணி முங்கோ பார்க் 1799இல் வெளியான தம் நூலில், இது பசு வெண்ணெயைவிடச் சுவையானது என்று எழுதினார். ஆம், அங்கே சமையலுக்கும் இதுதான். இன்றும் ஏற்றுமதியாவதில் பெரும்பகுதி சாக்லேட் போன்ற உணவுத் தொழிலுக்கே போகிறது.

அங்கே தோலுக்கு ஏன் பூசுகிறார்கள்? நவம்பர் முதல் மார்ச் வரை சஹாராவிலிருந்து ஹர்மட்டான் எனும் வறண்ட புழுதிக் காற்று வீசும். உதடும் குதிகாலும் வெடிக்கும். ஷியா உடல் வெப்பத்தை ஒட்டியே உருகுவதால் தேய்த்ததும் பரவிப் படலமாகிறது. அது தோலுக்கு நீர் தருவதில்லை; இருக்கும் நீர் ஆவியாகாமல் மூடுகிறது. அதனால் குளித்த ஈரம் காய்வதற்குள் பூசினால்தான் பலன். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். எண்ணெய் வழியும் முகத்துக்கு இது தேவையே இல்லை. நாள் முழுக்கக் குளிரூட்டிய அறையில் இருப்பவரின் கை, காலுக்கு உதவும்.

விளம்பரத்தில் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள்: "இயற்கைச் சன்ஸ்கிரீன்". ஷியாவிலுள்ள சின்னமிக் அமிலச் சேர்மங்கள் புற ஊதா பி கதிர்களைக் கொஞ்சம் உறிஞ்சுவது உண்மை. ஆனால் அந்தப் பாதுகாப்பு மிகக் குறைவு. சுத்திகரித்த வெள்ளை ஷியாவில் அச்சேர்மங்கள் இன்னும் குறையலாம். திடலில் ஓட்டப் பயிற்சி என்றால் எஸ்.பி.எஃப் எண் அச்சிட்ட களிம்பையே பூசுங்கள்.

அந்த மாணவியின் டப்பா மறுநாளே வழுவழுப்பானது. இப்போது அதை அவருடைய பாட்டி குதிகால் வெடிப்புக்குப் பூசுகிறாராம்.