பனிக்களத்தில் ஒரு தொழில் வாழ்வு

புற்றரையில் ஆடப்படும் ஹொக்கி ஆட்டத்தை நம்மிற் பலர் அறிவர். பனிக்கட்டித் தளத்தின்மேல் ஆடப்படும் ஹொக்கியோ வேறொரு வகையினது. கோலும் பெயரும் இரண்டுக்கும் பொதுவாயினும் வேகம் பொதுவன்று. காலணியின் அடியிற் பொருத்திய எஃகு அலகுகளின் மேல் வீரர்கள் சறுக்கிச் செல்வர். வட அமெரிக்க முறைப்படி களத்தின் நீளம் 200 அடி, அகலம் 85 அடி. பக்கத்துக்கு ஆறு பேர். 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். பந்துக்குப் பதிலாக 3 அங்குலக் குறுக்களவும் 1 அங்குலத் தடிப்பும் உடைய கடினமான றப்பர் வில்லை ஒன்று உண்டு. வல்லவர் ஒருவர் ஓங்கி அடித்தால் அது மணிக்கு 100 மைல் வேகத்தையும் தொடக்கூடும். 1950ஆம் ஆண்டுகளில் இவ்வாட்டத்தை ஆடியோரிற் பெரும்பாலோர் தலைக்கவசமும் அணிந்தாரில்லை. அங்ஙனமாயின், இதனையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட ஒருவருக்குக் கண்பார்வை எத்துணை இன்றியமையாதது என்பதைக் கூறவும் வேண்டுமோ?

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது, ஒற்றைக் கண்ணோடு அத்தொழிலை நடத்திய வில்லி ஓரீ என்னும் கனடிய வீரரின் வரலாறு.

முதலில் அத்தொழிலின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். வட அமெரிக்காவில் இவ்வாட்டத்தின் உச்சப்படி தேசிய ஹொக்கி லீக் என்பதாகும். 1942 முதல் 1967 வரை அதில் இருந்தவை ஆறே அணிகள்: மொன்றியல், ரொறன்ரோ, பொஸ்டன், நியூயோர்க், டெற்றோயிற், சிக்காகோ. அணிக்கு ஏறத்தாழ இருபது பேர் என்று கொண்டால், அந்த உச்சப்படியில் நிற்க இடமுள்ளவர் 120 பேர் அளவினரே. கனடாவில் ஆயிரக்கணக்கான இளைஞர் அந்த இடங்களை நோக்கிக் காத்திருந்தனர். இடம் கிடையாதோர் கீழ்ப்படி அணிகளில் ஆடிச் சம்பளம் பெற்றனர். மேலணி அழைத்தால் ஏறிச் செல்வதும், அனுப்பினால் இறங்கி வருவதும் அவர்தம் நிலை. அணியின் உடைமையாளர் ஒரு வீரரை வேறோர் அணிக்கு மாற்ற எண்ணின், வீரரின் விருப்பத்தைக் கேட்கும் வழக்கம் இல்லை.

வில்லி ஓரீ 1935ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆந் திகதி, நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துப் பிரெடெரிக்டன் நகரில், பதின்மூன்று பிள்ளைகளுள் கடைக்குட்டியாகப் பிறந்தார். அவர் கறுப்பினத்தவர். அந்நாள்வரை தேசிய லீக்கிற் கறுப்பினத்தவர் எவரும் ஆடியதில்லை. திறமை இல்லாமையன்று காரணம். 1895ஆம் ஆண்டிலேயே ஹலிபாக்ஸ் நகரிற் கறுப்பினத்தவர் தமக்கென ஒரு லீக்கை அமைத்து ஆடினர். 1940ஆம் ஆண்டுகளில் ஹேர்ப் கார்னெகி என்னும் சிறந்த வீரர் கியூபெக் மாகாணத்து அணிகளிற் புகழ்பெற்றார். எனினும் தேசிய லீக்கின் கதவு அவருக்குத் திறக்கவேயில்லை.

1949ஆம் ஆண்டிற் சிறுவன் ஓரீ நியூயோர்க் சென்றபோது, பேஸ்போல் ஆட்டத்தில் நிறத்தடையை 1947இல் உடைத்த ஜாக்கி றொபின்சனைச் சந்தித்தார். தமக்கு ஹொக்கியிலும் விருப்பம் உண்டெனக் கூறியபோது, அவ்வாட்டத்திற் கறுப்பினத்தவர் இல்லையே என்று றொபின்சன் வியந்ததாக ஓரீ பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்.

இனி, அவர் வாழ்வின் பெருஞ் சோதனைக்கு வருவோம். 1955-56ஆம் ஆண்டுப் பருவத்தில் ஒன்ராறியோ மாகாணத்தில் இளையோர் அணியொன்றில் ஆடிக்கொண்டிருந்தபோது, பறந்துவந்த வில்லை அவரது வலக்கண்ணைத் தாக்கிற்று. அக்கண்ணின் பார்வையில் நூற்றுக்கு 95 பங்கு போயிற்று. இனி ஹொக்கி ஆடலாகாது என்றார் மருத்துவர். அப்பொழுது அவருக்கு வயது இருபது. ஆயினும் சில வாரங்களுள் அவர் மீண்டும் களத்தில் இறங்கினார். ஒரு கண் பார்வையற்றவரைத் தேசிய லீக்கின் விதி ஏற்காது. ஆதலின் அவர் தம் நிலையை நெருங்கிய ஓரிருவருக்கன்றி வேறெவருக்கும் வெளியிடவில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். ஓரீ இடப்புற முன்னணி வீரர். களத்தின் இடப்பக்கத்தில் ஓடுபவருக்கு வில்லை பெரும்பாலும் வலப்பக்கத்திலிருந்தே வரும். எதிரியும் அப்பக்கத்திலிருந்தே பாய்வான். அவருக்கோ அப்பக்கக் கண் இல்லை. எனவே ஒவ்வொரு தடவையும் தலையை முற்றாகத் திருப்பி இடக்கண்ணால் நோக்க வேண்டியிருந்தது. கணநேரத் தாமதமே தோல்வியாக முடியும் ஆட்டத்தில் இது எத்துணைப் பாரம்!

1956இல் கியூபெக் ஏசஸ் என்னும் அணியிற் சேர்ந்து சம்பளம் பெறும் வீரரானார். 1958ஆம் ஆண்டு ஜனவரி 18ஆந் திகதி, வீரர் குறைவுற்ற பொஸ்டன் புரூயின்ஸ் அணி அவரை அழைத்தது. மொன்றியல் நகரின் போறம் அரங்கிற் பொஸ்டன் 3-0 என வென்றது. தேசிய லீக்கில் ஆடிய முதற் கறுப்பின வீரர் என்ற பெயர் அன்று அவருக்கு உரியதாயிற்று. அந்தப் பருவத்தில் அவர் ஆடியவை இரண்டே ஆட்டங்கள். பின்னர் மீண்டும் கீழ்ப்படிக்கு அனுப்பப்பட்டார்.

1960-61ஆம் பருவத்தில் திரும்பவும் அழைப்பு வந்தது. 43 ஆட்டங்களில் 4 கோல்களை அடித்தார். பிறர் அடித்த 10 கோல்களுக்குத் துணைநின்றார். முதற் கோல் 1961ஆம் ஆண்டுப் புத்தாண்டு தினத்தில் மொன்றியலுக்கு எதிராக அடிக்கப்பட்டது. மறுபுறம், சில நகரங்களின் அரங்குகளிற் பார்வையாளர் இனவசை பொழிந்தனர். சிக்காகோவில் எதிரணி வீரர் ஒருவர் கோலின் முனையால் முகத்திற் குத்தவே, பற்கள் போயின, மூக்கும் உடைந்தது.

அந்தப் பருவம் முடிந்ததும் பொஸ்டன் அணி அவரை மொன்றியலுக்கு மாற்றிவிட்டது. அங்கிருந்து அவர் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கீழ்ப்படி அணியொன்றுக்கு அனுப்பப்பட்டார். தேசிய லீக்கில் அவர் பின்னர் ஒருபோதும் ஆடவில்லை. மொத்தம் 45 ஆட்டங்களே. இவ்வளவில் ஒரு தொழில் வாழ்வு முடிந்தது என்று எண்ணத் தோன்றும். ஆனால் முடியவில்லை.

லொஸ் ஏஞ்சல்ஸ் அணியின் பயிற்றுநர் அவரை வலப்புறத்துக்கு மாற்றினார். அங்கே வில்லை இடப்பக்கத்திலிருந்து வரும். நல்ல கண்ணும் அப்பக்கத்ததே. தலையைத் திருப்பும் தொல்லை நீங்கிற்று. 1964-65இல் லொஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கும், 1968-69இல் சான் டியேகோ அணிக்குமாக, மேற்கு ஹொக்கி லீக்கில் இருமுறை அதிக கோல் அடித்தவராக விளங்கினார். ஒவ்வொரு முறையும் அடித்தவை 38 கோல்கள். 1979இல், தம் 43ஆம் வயதிலேதான் களத்தைவிட்டு முற்றாக நீங்கினார். தேசிய லீக்கில் அடுத்த கறுப்பின வீரரான மைக் மார்சன் வாஷிங்டன் அணியிற் சேர்ந்தது 1974ஆம் ஆண்டில். இடைப்பட்ட அந்த ஆண்டுகள், திறந்த கதவு ஒருவர் நுழைந்ததும் மீண்டும் சாத்தப்பட்டிருந்தமையைக் காட்டுகின்றன.

ஓய்வுபெற்றபின் வயிற்றுப்பாட்டுக்காக விடுதியொன்றிற் பாதுகாப்புப் பணி பார்த்தார். 1998இல் தேசிய லீக் அவரைத் தேடிவந்து, எல்லா இனத்து இளையோரிடத்தும் ஹொக்கியைப் பரப்பும் பொறுப்பை ஒப்படைத்தது. 2018இல் ரொறன்ரோவிலுள்ள ஹொக்கிப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. வீரர் வரிசையில் அன்று, ஆட்டத்தை வளர்த்தோர் வரிசையில். 2022ஆம் ஆண்டு ஜனவரி 18ஆந் திகதி, முதல் ஆட்டத்தின் 64ஆவது ஆண்டு நிறைவன்று, பொஸ்டன் அணி அவரது 22ஆம் இலக்கச் சட்டையை இனி எவரும் அணியாதவாறு அரங்கில் உயர்த்தி வைத்தது. அதே ஆண்டு ஐக்கிய அமெரிக்கக் கொங்கிரசின் பொற்பதக்கமும் அவருக்கென விதிக்கப்பட்டது. கார்னெகியின் பெயர் அவ்வாண்டிலேதான் புகழ் மண்டபத்தில் ஏறிற்று. அவர் இறந்து அப்போது பத்தாண்டுகள் ஆகிவிட்டன.

நேயர்களே, கணக்கேட்டை மட்டும் புரட்டுவோர் 45 ஆட்டம், 4 கோல் என்று கூறி அப்பாற் செல்வர். அக்கணக்கிற் பிழையில்லை, ஆயின் அது முழுக் கணக்கன்று. இல்லாத கண்ணுக்கும் இருந்த தடைக்கும் அந்த ஏட்டில் நிரல் இல்லை. இடந் தெரிந்து நிறுத்தியபோது அதே மனிதர் 38 கோல் அடித்தார் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. ஒருவரின் குறையென்று நாம் கருதுவது, பல வேளைகளில், அவர் நிறுத்தப்பட்ட இடத்தின் குறையாகவும் இருக்கலாம் அன்றோ?