மாத்தறை வைரமும் மெய்வைரமும்

நிச்சயதார்த்த மோதிரம் தேடி மருதானையிலிருந்து செட்டியார் தெருவுக்குச் செல்வோர் ஓர் உண்மையை அறிதல் நலம். இலங்கை மண்ணில் நீலமும் மாணிக்கமும் கிடைக்கும், வைரம் கிடைப்பதில்லை. ‘மாத்தறை வைரம்’ எனப் பெயர் பெற்றது, நிறமற்ற சிர்க்கோன் என்னும் வேறொரு கல்லேயாகும்.

வைரம் காபனின் படிகம்; கடினத்தில் 10 என்னும் உச்சப்படியில் நிற்பது. சிர்க்கோனின் கடினம் ஏறத்தாழ 7.5, ஆதலின் நாளடைவில் அதன் பட்டை விளிம்புகள் தேயும். 10 மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியினூடே சற்றுச் சாய்த்து நோக்கின், சிர்க்கோனின் பின்புற விளிம்புகள் இரட்டையாய்த் தோன்றும். வைரத்தில் ஒற்றையாகவே தோன்றும்.

எனினும் இச்சோதனை மட்டும் போதாது. வெறும் கண்ணாடித் துண்டும் ஒற்றை விளிம்பே காட்டும். ஆகவே விலை பேசுமுன் ஆய்வுச் சான்றிதழைக் கேட்டல் வேண்டும். மாத்தறைக் கல்லும் அழகுடையதே. அதன் பெயரறிந்து, அதற்குரிய விலைக்கு வாங்குவதில் இழுக்கில்லை. வைரத்தின் விலை கொடுத்து அதனை வாங்குவதே இழப்பு.